முதல் மேசையில் இருபது தட்டுகள்

காலை 9.10

பண்ணை முதலாளி நிழல்வலைக் கூடத்துக்குள் நாலு எட்டு வைத்தார். அதோடு நின்றுவிட்டார். கையிலிருந்த பை நழுவி விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கவும் தோன்றவில்லை.

கூடத்தில் மூன்று நீள மேசைகள். ஒவ்வொன்றிலும் இருபது குழித்தட்டுகள். தட்டுக்கு ஐம்பது குழி, குழிக்கு ஒரு பப்பாளி நாற்று. ஆக மூவாயிரம் நாற்றுகள் அன்று விடிகாலை மலையிலிருந்து வேனில் வந்து இறங்கியிருந்தன. இரண்டாம் மேசையிலும் மூன்றாம் மேசையிலும் இருந்தவை துவண்டிருந்தாலும் பச்சையாக இருந்தன. கதவை ஒட்டிய முதல் மேசையில் ஆயிரமும் தலை கவிழ்ந்து கிடந்தன. இலை ஓரங்கள் சுருண்டு பழுப்பேறிவிட்டன.

ஆயிரம் நாற்றுக்கா இந்தப் பாடு என்று அந்த வட்டாரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். வைரஸ் நோய் வந்து இரண்டே வருடத்தில் அங்கிருந்த பப்பாளித் தோட்டங்களைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. நோய் தாங்குகிற புது ரகம் மலைமேல் ஒரே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் கிடைத்தது. அடுத்த தவணைக்கு இன்னும் ஒரு வருடம். நாற்பத்து மூன்று விவசாயிகள் குழி வெட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

முதலாளியின் தங்கை வாசலிலேயே நின்றாள். இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை.

"எங்க அவன்?"

"வேன்ல படுத்திருக்கார் அண்ணா. காய்ச்சல்."

"டிரைவரை எழுப்பு."

டிரைவர் வேறு யாருமில்லை, தங்கையின் கணவன். அவளாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை. இரண்டு வருடம் அவன் முகத்தில் விழிக்காமலே காலம் தள்ளிய முதலாளி, குழந்தை பிறந்த பிறகுதான் இறங்கி வந்து 'மாப்ள' என்று வாய் நிறையக் கூப்பிடத் தொடங்கியிருந்தார். இன்று அந்தச் சொல் வரவில்லை. தங்கைக்குச் செத்த நாற்றுகளைவிட அதுதான் முதலில் உறைத்தது.

காலை 11.30

செடி டாக்டர் வந்து இறங்கினார். விவசாயத் துறையில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்ற அம்மாள். எந்தத் தோட்டத்தில் எது வாடினாலும் ஆள் அனுப்புவது அவருக்குத்தான். கொண்டையில் ஊசிக்குப் பதிலாக ஒரு மெல்லிய தெர்மாமீட்டரைச் செருகியிருப்பார். பேச்சில் தேன் தடவத் தெரியாது. வலது முழங்கால் மடங்காது என்பதால், குனிய வேண்டிய இடத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார்.

முதலாளி அவரை நேராக முதல் மேசைக்கு அழைத்தார்.

"செத்தது காத்திருக்கும்" என்றார் டாக்டர். "உசிரோட இருக்கறதை முதல்ல பார்ப்போம்."

தெர்மாமீட்டரை உருவி இரண்டாம் மேசையில் ஒரு குழிக்குள் செருகினார். மண்ணின் சூடு பதினேழு. மூன்றாம் மேசையிலும் அதேதான். மேலே இன்னொரு வலை போடச் சொன்னார். வெயில் ஒரு பொட்டுகூட விழக் கூடாது. காற்று வரும் பக்கத்துத் திரையை இறக்கச் சொன்னார். தண்ணீர்த் தொட்டியில் கை விட்டுப் பார்த்தார்.

"தண்ணி இந்த அளவுக்கு இருக்கட்டும். சில்லுன்னும் வேண்டாம், சுடவும் வேண்டாம். குழி ஈரமா இருந்தா போதும், குளிப்பாட்டிடாதீங்க. உரம் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். நோயாளிக்கு விருந்து வைக்கிற வேலை அது."

பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் மேஸ்திரி, துவண்ட இலைகளை நறுக்கிவிடலாம் என்று கத்தரிக்கோலோடு தயாராக இருந்தார். டாக்டர் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"எந்த இலை போகும், எது பொழைக்கும்னு ரெண்டு மூணு நாள்ல செடியே சொல்லும். அதுக்குள்ள நாம முந்திக்க வேண்டாம்."

தங்கை தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். "பின்னாடி சூட்டு அறை ஒண்ணு இருக்கு டாக்டர். விதை முளைக்க வைக்கிறது. இந்த நாப்பது தட்டையும் அங்க கொண்டு போயிடலாமா? சீக்கிரம் தெளிஞ்சிடும்ல?"

"வேண்டாம். எது எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும்."

அதன் பிறகுதான் முதல் மேசைக்கு வந்தார். ஓர் இலையைக் கிள்ளி விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். பழைய காகிதம் போல நொறுங்கி உதிர்ந்தது. திரும்பிப் போய் இரண்டாம் மேசையில் இருந்ததிலேயே மோசமான ஓர் இலையைத் தொட்டார். அது தண்ணீரில் ஊறியதைப் போலக் கறுத்து, கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக வைத்து மடித்துக்கொண்டார்.

பிறகு மேசைக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். சாம்பல் கொட்டிச் சமன் செய்த தரை. இரண்டாம் மூன்றாம் மேசைகளுக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்த குழிகள். முதல் மேசைக்கு அடியில் சாம்பல் ஒரு குழிகூட இல்லாமல் வழித்து விட்டதைப் போல இருந்தது.

"டாக்டர்" என்றார் முதலாளி. "மூணு மணிக்கு நான் ஸ்டேஷன்ல இருப்பேன். 'குளிர்ல செத்துச்சு'ன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. போதும்."

"புகார் யார் மேல?"

"டிரைவர் மேல. நாப்பத்து மூணு குடும்பம் நம்பியிருந்த செடி. அதைக் குளிர்ல போட்டுட்டு கேபின்ல தூங்கியிருக்கான். அவனே ஒத்துக்கிட்டான். நாளையிலிருந்து இந்த வாசல்ல அவன் கால் வைக்கக் கூடாது." தங்கை பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நீயும் பிள்ளையும் இங்கயே இருக்கலாம்."

தங்கை குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

பகல் 12.05

உரமூட்டை அறை. டிரைவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். மெல்லிய அரைக்கைச் சட்டை. இருமல் விட்டு விட்டு வந்தது.

"மலையில என்ன ஆச்சு?"

"மண் சரிஞ்சு ரோடு அடைச்சிடுச்சு. ராத்திரி பதினோரு மணியிலிருந்து நாலு மணி நேரம் வண்டி நகரல."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"தூங்கிட்டேன்."

"எங்க?"

"கேபின்ல."

"பின் கதவு?"

"சரியாச் சாத்தல போல. அதான் கதவோரம் இருந்த தட்டெல்லாம் போயிடுச்சு. என் தப்புதான் டாக்டர். எழுதிக்கோங்க."

"காலைல எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"அஞ்சரை."

"இறக்கினது யாரு?"

அவன் இருமினான்.

"நான் வந்ததும் படுத்துட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

கேள்வி கேட்காமலே தன் தலையில் தானே பழியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்களை டாக்டர் அதிகம் பார்த்ததில்லை. தோட்டத்தில் எது பட்டுப்போனாலும், பக்கத்து வீட்டுக் கோழி முதல் போன வருட மழை வரை எல்லோரும் எதன் மேலாவது பழி போடுவார்கள். இந்த ஆளுக்கு மட்டும் என்ன அவசரம்?

பகல் 12.40

வேன். சாதாரண மூடிய வண்டி, குளிர்ப்பெட்டி கிடையாது. ஆராய்ச்சிக்கூடத்தார் கொடுத்த ஏற்றுச் சீட்டு கண்ணாடிக்குக் கீழே செருகியிருந்தது. ஒன்றாம் தட்டிலிருந்து வரிசையாக ஏற்றியிருக்கிறார்கள். முதலில் ஏறியவை முன்பக்கம், கடைசியில் ஏறியவை கதவோரம். முதல் மேசையில் கிடந்தவற்றின் எண் நாற்பத்தொன்று முதல் அறுபது வரை. கதவோரத் தட்டுகள்தான்.

"பாருங்க" என்றார் மேஸ்திரி. மேலே ஏற முடியாத டாக்டருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டவர் அவர்தான். "கதவு ரப்பர் இந்த மூலையில கிழிஞ்சிருக்கு. ஒரு சாண் இடைவெளி. குளிர் நேரா இந்த வழியாத்தான் உள்ள வந்திருக்கும்."

ரப்பர் கிழிந்திருந்தது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளியில் ஒரு கம்பளிக் கோட்டைச் சுருட்டித் திணித்து, கம்பியால் இறுக்கியிருந்தது. டாக்டர் அதை உருவினார். பெரிய ஆளின் கோட்டு.

"இது யாரோடது?"

மேஸ்திரி உற்றுப் பார்த்தார். "மாப்பிள்ளையோடது. பிள்ளை பிறந்தப்புறம் முதலாளி எடுத்துக் குடுத்தது."

முன்பக்கச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருந்தது. வழியெல்லாம் வண்டிக்குள் எவ்வளவு சூடு என்று பதிந்துகொண்டே வரும் கருவி. டாக்டர் அதைத் தன் மடிக்கணினியில் சொருகிப் படித்தார். முன்பக்கம் மிகக் குறைந்த சூடு ஆறு டிகிரி. நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஆறு டிகிரியில் நாலு மணி நேரம் கிடந்தால் பப்பாளி நாற்று துவளும், கறுக்கும், ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். செத்துப் போகாது. முன்பக்கம் இருந்த நாற்பது தட்டுகளும் அப்படித்தான் இருந்தன.

கேபினில் இருக்கைக்கு அடியில் தடித்த போர்வை ஒன்று கிடந்தது. விரித்துப் பார்த்தார். ஒரு பக்கம் முழுக்க, நாற்றுக் குழிகளில் மண்ணோடு கலந்து நிரப்பும் தேங்காய் நார்த்தூள் அப்பியிருந்தது. சின்னச் சின்னச் சதுரங்களாக, வரிசை தப்பாமல், தட்டின் குழிகளுக்கு இருக்கும் அதே இடைவெளியில். ஓர் ஓரத்தில் ஒரு குருத்திலை நசுங்கி ஒட்டியிருந்தது. பச்சை இலை.

கேபினில் ஹீட்டர் இருந்தது. போட்டுப் பார்த்தார், ஓடவில்லை. அதற்கு மேலே ஒரு புகைப்படம். கண்ணாடிப் பெட்டிக்குள் கையகலக் குழந்தை. உடம்பெல்லாம் ஒயர்கள். பெட்டியின் தலைமாட்டில் சிவப்பு எண்கள்: 37.

"குறை மாசத்துல பிறந்த பிள்ளை" என்றார் மேஸ்திரி. "பொழைக்காதுன்னுதான் சொன்னாங்க. இருபத்திரண்டு நாள் அந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. பாப்பாவோட அம்மா கண்ணாடியை விட்டு நகரவே இல்ல. நாங்க சாப்பாடு கொண்டு போனாகூட அந்த நம்பரையேதான் பார்த்துட்டு இருக்கும்."

டாக்டர் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டார்.

பகல் 1.20

சூட்டு அறை வீட்டுக்குப் பின்புறம் தனியாக இருந்தது. பத்துக்குப் பத்து. மூலையில் காற்றை ஊதும் ஹீட்டர். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகில் இருபத்தெட்டுக்கு நேராகச் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. திருகு அந்தக் கோட்டில்தான் நின்றது. ஹீட்டர் ஓடவில்லை. ஷெல்புகள் காலி.

"இங்க கடைசியா விதை வெச்சது எப்ப?"

"பத்து நாள் ஆச்சு" என்றார் மேஸ்திரி. "அப்பவே அணைச்சாச்சு. முதலாளியைக் கேக்காம இதைத் தொட முடியாது. தொட்டா பூகம்பம்தான்."

சுவரில் வளைந்த கண்ணாடிக் குழாயில் ஒரு பழைய தெர்மாமீட்டர். அதற்குள் இரண்டு குட்டி முட்கள். ஒன்று, அறை எட்டிய அதிகச் சூட்டில் போய் நின்றுவிடும். மற்றது, மிகக் குறைந்த சூட்டில் நிற்கும். காந்தத்தால் இழுத்து விடும்வரை இரண்டும் நகராது.

"இதை இழுத்து விடறது யாரு?"

"வேற யாரு? காலைல அஞ்சு மணிக்கு எழுந்ததும் முதலாளிக்கு அதுதான் முதல் வேலை. அறை காலியா இருந்தாலும் சரி, வீட்ல கல்யாணமே நடந்தாலும் சரி. காந்தம் அவர் சட்டைப் பையிலதான் இருக்கும். இன்னைக்கு விவசாயிகளைப் பார்க்க முதல் பஸ்ஸுக்குப் போனாரே, அதுக்கு முன்னாடிகூட எழுதி வெச்சுட்டுத்தான் போனார்."

பக்கத்துப் பலகையில் முதலாளியின் கையெழுத்து: காலை 5.00. அதிகம் 22. குறைவு 17.

டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழாயின் அருகே போனார். குறைந்த சூட்டு முள் பதினேழில் நின்றது. அதிகச் சூட்டு முள் முப்பத்தேழில் நின்றது.

பலகையையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேஸ்திரி, காலைல நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"ஏழு."

"அப்ப வேன்ல எத்தனை தட்டு இருந்துச்சு?"

"நாப்பது. இருபதை இறக்கியாச்சு, மீதியை இறக்குங்கன்னு பாப்பாவோட அம்மா சொல்லுச்சு. நான்தான் ரெண்டாவது மேசையிலும் மூணாவது மேசையிலும் வெச்சேன். ஏழரைக்குத் தண்ணி தெளிச்சேன்."

"முதல் மேசைக்கு?"

"மேசையில என்ன இருந்துச்சோ அதுக்குத் தெளிச்சேன்" என்ற மேஸ்திரி சட்டென்று நிறுத்தினார். கண்கள் சுருங்கின. "முதல் மேசையில... ஒண்ணும் இல்லையே. அப்புறம் நான் டிபன் சாப்பிடப் போயிட்டு ஒன்பது மணிக்கு வந்தேன். அப்ப இருந்துச்சு."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கல டாக்டர்."

பகல் 2.00

உரமூட்டை அறை. டாக்டர் போர்வையை டிரைவரின் மடியில் வைத்தார்.

"கேபின் ஹீட்டர் ரிப்பேர். கோட்டைக் கதவுச் சந்துல திணிச்சீங்க. போர்வையைக் கதவோரத் தட்டுங்க மேல போர்த்தினீங்க. நாலு மணி நேரம் இந்த மெல்லிசுச் சட்டையோட உக்காந்திருக்கீங்க. அதான் இந்தக் காய்ச்சல். தூங்கினேன்னு ஏன் பொய் சொன்னீங்க?"

அவன் போர்வையைத் தடவினான். அதிலிருந்த நார்த்தூள் விரலில் ஒட்டியது.

"அந்த இருபதும் நல்லாத்தான் வந்துச்சு இல்லையா?" என்றார் டாக்டர். "மத்த நாப்பதைவிட நல்லா."

"ஆமா." "எழுந்து பார்த்தப்ப ஆறு மணி இருக்கும். சூட்டு அறை ஜன்னல்ல வெளிச்சம் தெரிஞ்சுது. அவ உள்ள தட்டுங்களை அடுக்கிட்டு நின்னா. எனக்குச் செடியைப் பத்தி என்ன தெரியும்? நல்லதுதானே பண்றான்னு திரும்பப் படுத்துட்டேன். ஒன்பது மணிக்கு மச்சான் சத்தம் போட்டாரு. போய்ப் பார்த்தேன். அப்பதான் புரிஞ்சுது."

"அவங்களுக்குப் புரியலையா?"

"இல்ல. குளிர்லதான் செத்துச்சுன்னு நினைக்கிறா. சூடு வெச்சும் காப்பாத்த முடியலையேன்னு அழறா." அவன் எழுந்து நின்றான். கை கூப்பவில்லை, ஆனால் நின்ற விதம் அப்படித்தான் இருந்தது. "டாக்டர், குளிருன்னே எழுதிடுங்க. நான் போயிடறேன். என்னை மச்சான் வெறுக்கறது புதுசு இல்ல, பழகினதுதான். அவளை அவர் அப்படிப் பார்த்தா அவளால தாங்க முடியாது. தன் கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அதைவிட மோசம்."

டாக்டர் பேனாவை எடுத்தார். தாளையும் எடுத்தார். சத்தியம் பேசியே பழகிய அந்த அம்மாளுக்கு, ஒரு வரி பொய் எழுதினால் என்ன என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது. ஒரு வீடு நொறுங்காமல் இருக்கும். செத்தது திரும்பவா வரப்போகிறது?

அப்போதுதான் பின்புறமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஹீட்டர் காற்றை ஊதும் இரைச்சல்.

டாக்டர் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினார். மடங்காத காலோடு அவர் ஓடியதை அந்தப் பண்ணை அதற்கு முன்பு பார்த்ததில்லை.

பகல் 2.15

சூட்டு அறை வாசலில் தங்கை. கையில் பன்னிரண்டாம் எண் தட்டு. உள்ளே ஏற்கெனவே இரண்டு தட்டுகள். முகமெல்லாம் கண்ணீர்.

"வழி விடுங்க டாக்டர். மணி மூணு ஆகப்போகுது. இதையாவது எழுப்பிக் காட்டினா அண்ணன் மனசு மாறும்."

"கீழ வைங்கம்மா. மெதுவா. நிழல்ல."

டிரைவர் பின்னாலேயே ஓடி வந்துவிட்டான். சத்தம் கேட்டு முதலாளியும் வந்தார், மேஸ்திரியும் வந்தார். டாக்டர் உள்ளே போய் ஹீட்டரை அணைத்து, அந்த இரண்டு தட்டுகளையும் வெளியே எடுத்து வைத்தார். திருகைப் பார்த்தார். முப்பத்தேழு.

"காலைலயும் இதே நம்பர்தானே வெச்சீங்க?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

"என்னது?" என்றார் முதலாளி. "யாரைக் கேட்டு?"

"உங்களைக் கேக்கப் பயந்துதான் கேக்கல" என்றார் டாக்டர். "கொஞ்சம் பேசாம இருங்க. நீங்க கேட்ட ஒரு வரியைத்தான் சொல்லப் போறேன்."

அவர் தாளைப் பிரித்து இரண்டு இலைகளையும் காட்டினார்.

"இது குளிர் பட்ட இலை. கறுத்து, ஊறி, ஒட்டுது. இது முதல் மேசை இலை. நொறுங்குது. இது குளிர்ல செத்தது இல்ல, வெந்தது. உங்க மாப்பிள்ளை ராத்திரி தூங்கல. கோட்டையும் போர்வையையும் இதுங்களுக்குக் குடுத்துட்டு இவர் விறைச்சுட்டு உக்காந்திருக்கார். மலையிலிருந்து இறங்கினதுலயே நல்ல நாத்து இந்த இருபது தட்டுலதான் இருந்துச்சு. கதவோரம் இருந்ததால முதல்ல இதைத்தான் இறக்கியிருக்காங்க. ஆறு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் இந்த அறையில இருந்திருக்கு. அப்புறம் ஹீட்டரை அணைச்சுட்டு, திருகைப் பழையபடி கோட்டுக்கே திருப்பியிருக்காங்க. ஏழரைக்கு மேஸ்திரி தண்ணி தெளிச்சப்ப முதல் மேசை காலி. அதுக்கு அடியில ஒரு சொட்டு விழுந்த தடம்கூட இல்ல. உள்ள போய் உங்க தெர்மாமீட்டரைப் பாருங்க. அஞ்சு மணிக்கு நீங்க இழுத்து விட்ட முள் இப்ப எங்க நிக்குதுன்னு பாருங்க. திரும்பி வந்ததும் கத்தறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பார்த்திருந்தா, என்னைக் கூப்பிட்டிருக்கவே வேண்டாம்."

முதலாளி உள்ளே போகவில்லை. அங்கிருந்தே கண்ணாடிக் குழாயைப் பார்த்தார்.

"ஏன் முப்பத்தேழு?" என்று டாக்டரே தொடர்ந்தார். "உங்களுக்கும் மேஸ்திரிக்கும் இந்த அறைன்னா இருபத்தெட்டுதான். கோடே போட்டிருக்கீங்க. மாப்பிள்ளைக்கு இந்தத் திருகு எந்தப் பக்கம் திரும்பும்னுகூடத் தெரியாது. முப்பத்தேழு உசிரைக் காப்பாத்தற நம்பர்னு நம்பறவங்க இந்த வீட்ல ஒருத்தர்தான். இருபத்திரண்டு நாள் கண்ணாடிக்கு வெளிய நின்னு அதையே பார்த்தவங்க."

தங்கையின் கையிலிருந்த தட்டை டிரைவர் வாங்கித் தரையில் வைத்தான்.

"நானா?" என்றாள் அவள். "குளிர் இல்லையா? நானா டாக்டர்?"

"நீங்கதாம்மா."

எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அந்தச் சொல்லின் கனம் குறையாது. டாக்டர் அவள் அருகே தரையில் உட்கார்ந்தார், அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

"பிள்ளைக்கு உள்ள ரத்தம் ஓடுது. சூடு பட்டா உடம்பு முழுக்கப் போகும். செடிக்கு அப்படி இல்ல. இலை அஞ்சு நிமிஷத்துல சூடாகி வேர்க்க ஆரம்பிச்சிடும். குளிர்ல விறைச்ச வேர் எழுந்திருக்க அரை நாள் ஆகும். மேல தாகம், கீழ தண்ணி இழுக்க ஆள் இல்ல. அதான் காய்ஞ்சு போச்சு. மெதுவா, நிழல்ல, வேர் முழிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லிக் குடுக்கல."

"வாடிப் போய் இருந்துச்சு. அண்ணன் வர்றதுக்குள்ள நிமிர்த்திடணும்னு..." அவள் கணவனைப் பார்த்தாள். "அவரைத் திட்டுவார்னு..."

"தெரியும். நான் சொல்லாமலே போயிருப்பேன். உங்க வீட்டுக்காரர் அப்படித்தான் கேட்டுக்கிட்டார், எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டு. ஆனா சொல்லாம போனா இந்த நாப்பதும் உங்க கையாலயே போயிருக்கும்."

வீட்டுக்குள் குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது. மேஸ்திரி அதைத் தூக்கப் போகிற சாக்கில் அங்கிருந்து நழுவினார்.

முதலாளி தங்கையைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. கணவனைக் காப்பாற்ற நினைத்து அவனையே மாட்டிவிட்டவள். அவளை அந்த அளவுக்குப் பயமுறுத்தி வைத்தது யார் என்று அவருக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டைப் பையில் கை விட்டுக் காந்தத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, சூட்டு அறையின் வாசல் நிலைமேல் எல்லோருக்கும் எட்டுகிற உயரத்தில் வைத்தார்.

பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். என்னென்னவோ சொல்ல வாயெடுத்தார். வந்தது ஒன்றுதான்.

"மாப்ள... காலைலயிருந்து ஏதாவது சாப்ட்டீங்களா?"

மாலை 5.40

டாக்டரின் தாளில் இரண்டு வரிகள் இருந்தன. நாற்பது தட்டுகளுக்குக் குளிர்ப் பாதிப்பு, பிழைக்கும். இருபது தட்டுகள், அவசரச் சூட்டால் சேதம். பெயர் எதுவும் இல்லை. முதலாளி அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். ஸ்டேஷனுக்குப் போகவில்லை. நாற்பத்து மூன்று பேருக்கும் எப்படிப் பங்கு குறைப்பது என்று மேஸ்திரியோடு பேசிக்கொண்டிருந்தார். அது சுலபமான பேச்சு இல்லை.

கிளம்புவதற்கு முன் டாக்டர் முதல் மேசையில் ஒவ்வொரு தண்டையும் நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தார். பெரும்பாலானவை உள்ளேயும் பழுப்பு. சூட்டு அறையில் வாசலோரம் வைத்திருந்ததாகத் தங்கை சொன்ன மூன்று தட்டுகளில் மட்டும், கீறிய இடத்தில் பச்சை தெரிந்தது. அவற்றைத் தனியாக எடுத்து வைத்தார்.

"இதுல எத்தனை வரும்?" என்று கேட்டாள் தங்கை. அழுது முடித்த குரல்.

"தெரியாது. வாக்குக் குடுக்க மாட்டேன்."

வெளியே காற்று குளிரத் தொடங்கியிருந்தது. கூடத்தின் சூடு இருபத்தொன்று. இனி இறங்கிக்கொண்டேதான் போகும். தங்கை உரமூட்டை அறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் அந்தப் போர்வை இருந்தது. ஓரத்தில் குருத்திலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று தட்டுகளுக்கு முன்னால் வந்து நின்றாள். போர்த்தப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"டாக்டர்... இதைப் போர்த்தலாமா?"

டாக்டர் தெர்மாமீட்டரைக் கொண்டையில் செருகிக்கொண்டார்.

"போர்த்துங்க. அவர் மலையில பண்ணாரே, அது ஒண்ணுதான் நேத்து ராத்திரியிலிருந்து இந்தச் செடிக்கு யாரும் சரியாப் பண்ண வைத்தியம்."

டிரைவர் மறுமுனையைப் பிடித்தான். இருவரும் சேர்ந்து, இலை மடங்காமல், மெதுவாக இறக்கினார்கள்.